இரும்புச் சட்டியில் சிவந்த காசுகள்

எங்கள் அம்மனுக்கு அப்போது கோயில் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. மலைச்சரிவில் ஒரு கல், அதைச் சுற்றிக் கற்களை அடுக்கிய சுவர், மேலே புல் வேய்ந்த கூரை, அவ்வளவுதான். அவளுடைய நகையும் துணியும் ஒரு மரப்பெட்டியில் இருக்கும். அந்தப் பெட்டி வருடத்துக்கு ஒரு வீடு என்று முறை வைத்துச் சுற்றி வரும். ஆடித் திருவிழாவில் ஊர் பார்க்கப் பெட்டியைத் திறந்து, அம்மனுக்கு எல்லாம் சாத்தி, முடிந்ததும் அடுத்த வீட்டாரிடம் ஒப்படைப்பார்கள்.

பெட்டியில் முக்கியமானது காசு மாலை. ராணி தலை போட்ட பழைய வெள்ளி ரூபாய்களுக்கு வளையம் பற்ற வைத்து, நூலில் கோர்த்தது. அதைத் தவிர, நேர்ந்துகொண்டு போட்ட உதிரி வெள்ளிக் காசுகளும் செம்புக் காலணாக்களும் ஒரு துணி முடிச்சில் இருக்கும். பெட்டி வைத்திருக்கும் வீட்டு ஆண்மகன் திருவிழாவுக்கு முன் விரதம் இருந்து, இந்தக் காசுகளைப் புளித்தண்ணீரில் ஊறவைத்து, கறுப்புப் போக்கிக் கொடுக்க வேண்டும். அதற்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. அடுப்பேறாத, கவிச்சி படாத புதுச் சட்டியில்தான் ஊற வைக்கலாம்.

எழுபதுகளின் கடைசியில் ஒரு வருடம் பெட்டி எங்கள் வீட்டுக்கு வந்தது. நான் கும்பிடாத நாள் இல்லை. பெட்டிக்கு முன்னால் விளக்கேற்றாமல் என் மனைவி பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டாள். அந்த வருடம் முழுக்க எங்கள் வீட்டில் உரக்கப் பேசக்கூட இல்லை.

அந்த ஆடியில் மழை முன்னதாகவே பிடித்துக்கொண்டது. பாதை ஓரிடத்தில் அறுத்துக்கொண்டு போனதால் கீழே இருந்து சட்டி பானை கொண்டுவருகிறவர் வரவில்லை. எங்கள் வீட்டு மண்சட்டி எல்லாவற்றிலும் ஒரு தடவையாவது கறி வெந்திருக்கும். என்ன செய்வது என்று நான் திகைத்து நின்றபோது, என் மனைவி பரணிலிருந்து ஓர் இரும்புச் சட்டியை இறக்கினாள். போன சந்தையில் வாங்கியது. அதில் ஒட்டியிருந்த எண்ணெய்ப் பிசுக்குக்கூட இன்னும் போகவில்லை.

"இது இன்னும் அடுப்பையே பாக்கலைங்க. இதவிட சுத்தமா எது கீது?" என்றாள்.

எனக்கும் அது சரியாகப் பட்டது. சாம்பல் போட்டு விளக்கி, மஞ்சள் தண்ணீர் தெளித்து, எங்கள் மரத்துப் புளியையே கரைத்து ஊற்றினேன். மாலையின் நூலை உருவிவிட்டு, வெள்ளிக் காசுகளையும் செம்புக் காசுகளையும் ஒன்றாகப் போட்டு மூடி வைத்தேன். அம்மன் பெயரைச் சொல்லித்தான் மூடினேன்.

விடிந்து குளித்துவிட்டு ஈரத் துணியோடு வந்து மூடியை எடுத்தேன். தண்ணீர் மை போலக் கறுத்திருந்தது. கையை விட்டு முதல் காசை எடுத்துத் துடைத்தேன். சிவப்பாக இருந்தது. செம்புக் காசு வந்துவிட்டது போல என்று நினைத்து ஓரமாக வைத்தேன். அடுத்ததும் சிவப்பு. அதில் வளையம் இருந்தது. வளையம் வைத்த செம்புக் காசு எங்கள் பெட்டியில் கிடையாது. திருப்பிப் பார்த்தேன். ராணி தலை. வெள்ளி ரூபாய், செம்பு நிறத்தில்.

என் முதுகில் ஈரத் துணி சில்லிட்டது. ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டேன். எல்லாம் சிவப்பு. ஒரே ஒரு காசு மட்டும் வெள்ளையாக இருந்தது. அது கீழே போகாமல் புளிச் சக்கையின் மேல் உட்கார்ந்திருந்தது. அப்போது அதன் காரணம் எனக்குத் தோன்றவில்லை. அம்மன் ஒன்றை மட்டும் விட்டுவைத்து என்னைப் பார்க்கிறாள் என்றுதான் நினைத்தேன்.

என் மனைவி எட்டிப் பார்த்தாள். கத்தவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"ரத்தம் மாதிரி கீதுங்க," என்றாள். "நாம இன்னா தப்பு பண்ணோம்?"

அம்மன் கோபம் ஒரு பயம். சொன்னால் தப்பாக நினைக்கக் கூடாது, அதைவிடப் பெரிய பயம் இன்னொன்று. ஊர் என்ன சொல்லும்? வெள்ளிக் காசை விற்றுவிட்டு, செம்பில் வார்த்து வைத்துவிட்டான் என்று சொல்லும். சாமி சொத்தில் கை வைத்தவனை எங்கள் பக்கத்தில் தள்ளி வைத்துவிடுவார்கள். தள்ளி வைத்த வீட்டுக்கு யாரும் வர மாட்டார்கள். அந்த வீட்டில் சாவு விழுந்தால் தூக்க ஆள் இருக்காது. பெண் கேட்டு வர மாட்டார்கள். எங்களுக்கு அப்போது இரண்டும் பெண் குழந்தைகள். ஒன்றும் தெரியாமல் அவை முற்றத்தில் விளையாடிக்கொண்டிருந்தன.

"செங்கல்லு பொடி போட்டு தேய்ச்சா போய்டும்," என்றேன்.

ஓர் உதிரிக் காசை எடுத்து, செங்கல் பொடியைத் தொட்டு அழுத்தித் தேய்த்தேன். சிவப்புக்குக் கீழே வெள்ளை தெரிந்தது. உயிர் வந்தது போல இருந்தது. இன்னும் அழுத்தினேன். அவள் சட்டென்று என் கையைப் பிடித்தாள்.

"வுடுங்க, வுடுங்க! மூஞ்சி போவுது பாருங்க!"

பார்த்தேன். ராணியின் தலைமுடியில் வரி வரியாக இருந்தது மழுங்கிப்போயிருந்தது. மூக்கு நுனி தேய்ந்திருந்தது. சிவப்புப் போனால் முகமும் போகும். முகம் போன காசைக் கொண்டுபோய் வைத்தால் அதற்கும் பதில் சொல்ல வேண்டும். பொடியைக் கொட்டிவிட்டு அந்தக் காசைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். "தெரியாம செஞ்சிட்டேன் தாயே" என்பதற்கு மேல் எனக்கு எதுவும் வரவில்லை.

மலைக்குக் கீழே சந்தவாசலில் நகை வேலை செய்யும் பத்தர் ஒருவர் இருந்தார். என் மனைவியின் தோட்டை ஒரு தடவை பற்ற வைத்துக் கொடுத்தவர். அவரிடம் கேட்பதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. ஆனால் விரதம் தொடங்கிவிட்டால் பெட்டி வீட்டுக்காரன் திருவிழா முடியும் வரை மலை இறங்கக் கூடாது. சாமி காசை ஊர் எல்லை தாண்டி எடுத்துப் போவது அதைவிடக் குற்றம். இரண்டையும் செய்யத் துணிந்தேன். வளையம் இல்லாத உதிரிக் காசு ஒன்றை மடியில் முடிந்துகொண்டு, தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு, மழைத் தூறலில் கிளம்பினேன்.

இறக்கத்தில் பாதிகூடப் போகவில்லை, எதிரே என் பங்காளி வந்தான். எனக்குத் தம்பி முறை. இந்தத் திருவிழா முடிந்ததும் பெட்டி அவன் வீட்டுக்குத்தான் போக வேண்டும். எதையும் கண்ணால் அளந்து பார்க்கிற ஆள்.

"இன்னா அண்ணே, பெட்டிய வூட்ல வெச்சிக்கினு எறக்கம் எறங்குற?"

"உப்பு இல்லடா. வாங்கிக்கினு வந்துடறேன்."

"உப்பா? போன சந்தையில நீ உப்பு மூட்டை தூக்கினு வந்தத நான்தான பாத்தேன். அண்ணி இன்னா, உப்ப சோறாவே ஆக்கிப் போடுதா?"

சிரித்தேன். சிரிப்பு எப்படி வந்தது என்று இன்றுவரை தெரியவில்லை. என் கை தானாக மடியைப் பிடித்துக்கொண்டது. அவன் அந்தக் கையைப் பார்த்தான். அதற்கு மேல் எதுவும் கேட்காமல் மேலே ஏறிப் போனான். கேட்டிருந்தால்கூடத் தேவலை. அவன் போன பிறகும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே இறங்கினேன். இரண்டு இடத்தில் வழுக்கி விழுந்தேன்.

பத்தர் காசைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். பிறகு என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"எங்கய்யா எடுத்த இத?"

"சாமி காசுங்க."

அவர் காசைச் சட்டென்று பலகையில் வைத்துவிட்டார். "சாமி காச இங்க எதுக்குய்யா கொண்டாந்த? நாளைக்கு ஒங்க ஊர்க்காரனுங்க வந்து, பத்தரு மாத்திட்டான்னு என் கடைய ஒடைக்கவா?"

நான் அழுதுவிட்டேன். கடைக்கு வந்திருந்த ஓர் அம்மாள் என்னைப் பார்த்துவிட்டு மெல்ல வெளியே போனாள். பத்தருக்கு மனசு இளகிவிட்டது. நடந்ததை எல்லாம் கேட்டார். இரும்புச் சட்டி என்று நான் சொன்னதும் தலையில் அடித்துக்கொண்டார்.

"செம்பையும் வெள்ளியையும் ஒண்ணா புளியில போட்ட. சரி, போனா போவுது. இரும்புல ஏன்யா போட்ட? செம்புல இருந்து கரையுறது புளித்தண்ணில கெடக்கும். இரும்பு பட்டா அது வெள்ளி மேல போயி ஒக்காந்துக்கும். என் கடையிலயே இடுக்கி தெரியாம பட்டு எத்தினி வாட்டி ஆயிருக்கு. சாமியும் இல்ல, பூதமும் இல்ல."

அவர் அப்படிச் சொன்னது எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. ஆனால் மூச்சு வந்தது.

கரி அடுப்பில் காசை வைத்து லேசாகச் சுட்டார். சிவப்பு கறுப்பாக மாறியது. ஒரு மண் கிண்ணத்தில் புதுப் புளியும் உப்பும் கரைத்து, மூங்கில் குச்சியால் காசைத் தள்ளி அதில் போட்டார். கொஞ்ச நேரத்தில் காசு வெள்ளையாக வெளியே வந்தது. நல்ல தண்ணீரில் அலசி, பழைய பருத்தித் துணியில் வைத்து ஒற்றி எடுத்தார். துணியை இழுக்கவே இல்லை.

"தேய்க்காத. ஒத்தி எடு. தேய்ச்சா அதுல கீற ஒவ்வொரு கோடும் போய்டும்," என்றார். நான் கைகூப்பியபோது, "இரு, இரு. மாலைக் காச நெருப்புல காட்டிடாத. வளையம் ஈயத்துல பத்த வெச்சது. உருகி வுழுந்துடும். அத மண்சட்டில புளியும் உப்பும் போட்டு, எடுத்து காத்தாட வெச்சி, மறுபடியும் போட்டு, மெல்லத்தான் போக்கணும். மாசம்கூட ஆவும்," என்றார்.

"திருவிழா நாளான்னிக்குங்க."

"அப்ப நீயாச்சு, ஒங்க அம்மனாச்சு," என்றார். கூலி வாங்கவில்லை. காசை நான் மடியில் முடிகிறவரை அவர் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வழியில் ஒரு புதுச் சட்டியும், சொன்ன சொல்லுக்காக உப்பும் வாங்கிக்கொண்டு ஏறினேன். உதிரிக் காசுகள் எல்லாம் பத்தர் சொன்னபடி வெளுத்துவிட்டன. மாலைக் காசுகள் மட்டும் பிடிவாதமாகச் சிவந்தே இருந்தன. ஊற வைத்து எடுத்துப் பார்ப்போம், கொஞ்சம் குறைந்தது போல இருக்கும், வெயிலில் பார்த்தால் அப்படியே இருக்கும். அம்மன் மார்பில் ஊரே பார்க்கத் தொங்கப் போவது அந்த மாலைதான். என் மனைவிக்குச் சோறு இறங்கவில்லை. "பொண்ணுங்கள எங்க அண்ணன் வூட்ல வுட்டுட்டு வந்துடட்டுமா?" என்று கேட்டாள். எனக்கும் அது தோன்றியிருந்தது. ஆனால் அனுப்பினால் சந்தேகம் வரும் என்று அனுப்பவில்லை.

திருவிழா அன்று பெட்டியைத் தலையில் சுமந்து போனேன். பம்பை அடித்துக்கொண்டு முன்னால் போனார்கள். பெட்டியை இறக்கி வைத்ததும் பூசாரி மூடியில் கை வைத்தார்.

"கொஞ்சம் நில்லுங்க," என்றேன்.

பம்பை நின்றுவிட்டது. எங்கள் ஊருக்குத் தலைவரான ஊர்க்கவுண்டர் எனக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்த்து நடந்ததை எல்லாம் சொன்னேன். இரும்புச் சட்டி, சிவந்தது, சந்தவாசல் போனது, எதையும் விடவில்லை. என் குரல் எனக்கே யாரோ பேசுவது போலக் கேட்டது. பூசாரி பெட்டியைத் திறந்து மாலையைத் தூக்கிப் பிடித்தார். கூட்டத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது. சில பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

என் பங்காளி எழுந்தான்.

"அதான் பாத்தேன். உப்பு வாங்கப் போனயே அண்ணே, வெள்ளிய வித்துட்டு வாங்குன உப்பா அது? நல்லா உப்பாதான் இருந்திருக்கும்."

நாலைந்து பேர் சிரித்தார்கள். சிலர் சிரிக்கவில்லை. அவர்கள் முகம்தான் எனக்குப் பயமாக இருந்தது.

"சாமி காசு சாமி காசுதாங்க. நான் மாத்தலைங்க," என்றேன்.

"ஒரசிப் பாத்தா தெரிஞ்சுட்டுப் போவுது," என்றான் ஒருவன். "சாமி காச ஒரசுவியா நீ? ஒன் கை வெளங்குமா?" என்று இன்னொருவர் அவனை அடக்கினார்.

ஊர்க்கவுண்டர் பூசாரி கையிலிருந்த மாலையையே பார்த்தார். பிறகு, "அந்த சட்டி எங்க?" என்றார்.

என் மனைவி ஓடிப்போய் இரும்புச் சட்டியைக் கொண்டுவந்தாள். ராத்திரி முழுக்க ஊற வைத்துக் காத்திருக்க முடியாது என்று, மூன்று கல் வைத்துத் தீ மூட்டச் சொன்னார். புளி கரைக்கச் சொன்னார். யாரோ வீட்டிலிருந்து அழுக்கேறிய காலணாக்களைக் கொண்டுவந்து போட்டார்கள். பிறகு அவர் தன் கையிலிருந்த வெள்ளிக் காப்பைத் திருகிக் கழற்றினார். அவருடைய தகப்பனார் போட்டிருந்த காப்பு அது.

"இது வெள்ளின்னு இந்த ஊருக்கே தெரியும். இது செவந்துச்சின்னா இவன் சொல்றது நெசம். செவக்கல..." என்று சொல்லி, மீதியைச் சொல்லாமல் காப்பைச் சட்டியில் போட்டார்.

எல்லாரும் சுற்றி நின்றார்கள். தண்ணீர் சூடேறி நுரை தள்ளியது. பத்தர் வாயால் சொன்னதுதான் எனக்குத் தெரியும். கடையில் அவர் சிவப்பைப் போக்கிக் காட்டினார், வரவழைத்துக் காட்டவில்லையே. அவர் சொன்னது தப்பாக இருந்தால்? நான் அம்மன் கல்லைப் பார்க்கவில்லை. என் பெண்கள் இரண்டும் யார் இடுப்பில் இருக்கின்றன என்று தேடினேன்.

பூசாரி ஒரு குச்சியால் நுரையை ஒதுக்கினார். காப்பு வெள்ளையாகவே இருந்தது. முன்னைவிடப் பளிச்சென்று இருந்தது.

"இன்னா அண்ணே?" என்றான் பங்காளி.

நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். ஊர்க்கவுண்டர் தலையைக் குனிந்துகொண்டார். அந்த மாதிரிக் குனிந்தால் அதற்கு மேல் பேச்சில்லை என்று எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும்.

அப்போது பெண்கள் பக்கமிருந்து என் மனைவியின் குரல் வந்தது. ஊர் கூடிய இடத்தில் எங்கள் பெண்கள் பேச மாட்டார்கள். அவளும் அதுவரை பேசியதில்லை.

"அடியில படலைங்க! புளி சக்கை மேல கீது பாருங்க. எங்களுக்கும் சக்கை மேல இருந்த காசு மட்டும் வெள்ளையாத்தாங்க இருந்துச்சி. இரும்புல படணுங்க!"

"பொம்பள பேச்சு எதுக்கு?" என்று யாரோ சொன்னார்கள். ஊர்க்கவுண்டர் தலையைத் தூக்கினார். பூசாரி கையிலிருந்த குச்சியை வாங்கி, தானே சக்கையை ஒதுக்கி, காப்பைச் சட்டியின் அடியில் அழுத்திப் பிடித்தார். புகை அவர் கண்ணில் பட்டுத் தண்ணீர் வந்தது. கையை எடுக்கவில்லை.

கொஞ்ச நேரம் ஆனது. குச்சியைக் காப்புக்குள் விட்டுத் தூக்கினார்.

செம்புக் கம்பியை வளைத்தது போலச் சிவந்திருந்தது காப்பு.

ஊர்க்கவுண்டரின் மனைவிதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"நல்லா தீர்ப்பு சொன்னீங்க போங்க. மாமனார் காப்பப் போயி இப்டி ஆக்கிட்டீங்களே. அம்மன் காச பத்தரு வெளுப்பாரு, இத எவன் வெளுப்பான்?"

கூட்டம் சிரித்தது. இந்தத் தடவை எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் மனைவி எங்கே நின்றாளோ அங்கேயே தரையில் விழுந்து கும்பிட்டுக்கொண்டிருந்தாள். அவள் முதுகு குலுங்கியது.

மாலையைச் சிவப்பாகவே சாத்தினார்கள். பெண்கள் குலவையிட்டார்கள். சாயங்காலம் பெட்டியைப் பூட்டி என் பங்காளியின் தலையில் தூக்கி வைத்தார்கள். அவன் என் பக்கம் பார்க்காமலே சுமந்து போனான். மாலைக் காசுகளை வெளுக்கும் வேலை முறைப்படி அவனுடையதாகிவிட்டது.

மறுநாள் காலை நான் கேழ்வரகுக் கொல்லையில் களை பிடுங்கிக்கொண்டிருந்தேன். வரப்பில் வந்து நின்றான். முகம் வெளிறிப்போயிருந்தது. ராத்திரி தூங்கியிருக்க மாட்டான்.

"அண்ணே," என்றான். "ஒன்னிய கேக்காம நான் அதுல கை வெக்கறதா இல்ல. எந்த சட்டி, எவ்ளோ புளி, எல்லாம் சொல்லு. அப்பறம், ஒரு எட்டு வூட்டுக்கு வந்து கூடவே குந்திக்கினு இரு. எனக்கு பயமா கீது."

கையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டு எழுந்து அவன்கூடப் போனேன்.